அட்மிரல் வீட்டுக் கொடி

நம்ம வயசுக்காரர்கள் யாராவது அந்தக் காலத்தில் சேலத்திலிருந்து மேச்சேரிக்கு பஸ்ஸில் போயிருந்தால், ஓமலூர் தாண்டி இடது பக்கம் ஒரு மொட்டை மாடியில் வெள்ளைக் கொடி பறந்ததைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் சிவப்புச் சிலுவை. பாதிப் பேர் ஆஸ்பத்திரி என்று நினைத்திருப்பீர்கள். மீதிப் பேர் வேதக்காரங்க கோயில் என்று நினைத்திருப்பீர்கள். இரண்டும் இல்லை. அது எங்கள் வீடு. ‘அட்மிரல் உள்ளே இருக்கிறார்’ என்று அந்தக் கொடிக்கு அர்த்தம். அட்மிரல் என்றால் எங்கள் அப்பா.

சிரிக்காதீங்க. சிரித்தாலும் பரவாயில்லை, இப்போது நானே சிரிக்கிறேன். அப்போது எங்கள் வீட்டில் அதற்கு யாருக்கும் தைரியம் கிடையாது. அப்பா அடிக்கிற மனுசனும் இல்லை. அடித்திருந்தால் அழுது முடித்திருக்கலாம்.

கொஞ்ச நாள் முன்பு டிவியில் காட்டினார்கள், கப்பற்படைக் கொடியிலிருந்து அந்தச் சிவப்புச் சிலுவையை எடுத்துவிட்டார்களாம். வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போனதாம். முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே கையை நிறுத்திவிட்டேன். அரசாங்கத்துக்கே இறக்க இத்தனை வருசம் ஆகியிருக்கிறதே, நாங்கள் எம்மாத்திரம் என்று தோன்றியது.

அப்பா கப்பற்படையில் ஆபீசர் எல்லாம் இல்லை. சிக்னல் பிரிவில் கொடி ஏற்றுகிறவர். பம்பாயிலும் விசாகப்பட்டினத்திலும் கப்பல் கப்பலாக நின்று, பெரிய ஆபீசர் வந்து ஏறினால் அவருடைய பதவிக் கொடியைக் கொடிமரத்தில் ஏற்றுவார். அவர் இறங்கிப் போனால் இறக்குவார். ஒவ்வொரு பதவிக்கும் ஒரு கொடி. எல்லாமே வெள்ளை, எல்லாவற்றிலும் சிவப்புச் சிலுவை. ரியர் அட்மிரல் என்றால் கூடவே ரெண்டு சிவப்பு வட்டம். அவருக்கு மேலே வைஸ் அட்மிரல், ஒரே வட்டம். அதற்கும் மேலே முழு அட்மிரல், வட்டமே கிடையாது, வெறும் சிலுவை. ஆள் பெரியவர் ஆக ஆகக் கொடியில் வட்டம் குறையும். இதை எங்களுக்கு வாய்ப்பாட்டுக்கு முன்னாடியே சொல்லிக் கொடுத்துவிட்டார்.

பென்சன் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தவர் பக்கத்து நூல் மில்லில் கேட் வேலைக்குச் சேர்ந்தார். வந்த கையோடு மொட்டை மாடியில் இரும்புக் குழாய் நட்டுக் கயிறு கட்டினார். அம்மா காடாத் துணியில் கொடி தைத்தாள். சிலுவைக்கும் வட்டத்துக்கும் துணி, அக்காவுக்குச் சின்னதாகிப்போன சிவப்புப் பாவாடை. முதல் கொடியில் ரெண்டு வட்டம். இத்தனை வருசம் யார் யாருக்கோ ஏற்றியவர் தனக்கென்று ஒன்று ஏற்றிக்கொண்டார். இப்போது யோசித்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

வீட்டுச் சட்டம் ரொம்பச் சுலபம். காலையில் மில்லுக்குக் கிளம்பும்போது அப்பா கொடியை இறக்குவார். திரும்பி வந்ததும் ஏற்றுவார். கொடி மேலே இருக்கும்வரை அவர் உத்தரவு இல்லாமல் யாரும் கேட்டைத் தாண்டக் கூடாது. வெளியே போவதற்கு எங்கள் வீட்டில் ‘கரைக்குப் போறது’ என்று பேர். ரேசன் கடைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு அம்மா வந்து நின்று, “ஏனுங்க, கரைக்குப் போயிட்டு வரட்டுங்களா?” என்று கேட்பாள். எங்க ஊரில் இருந்த பெரிய தண்ணீர் ஏரித் தண்ணீர். அதுவும் பங்குனி பிறந்தால் ஆடு மேயும்.

இன்னொரு சட்டமும் உண்டு. தேசியக் கொடியைப் பொழுது சாய்ந்தால் இறக்குவார்கள். பதவிக் கொடி அப்படி இல்லை, ஆபீசர் கப்பலில் இருக்கும்வரை ராத்திரி பகல் பறக்கும். அதனால் அப்பா மில்லில் இருக்கும் நேரம்தான் எங்களுக்கு நேரம். குழாய் காலியானதும் நானும் அக்காவும் ஓடுவோம். ஐஸ்காரன், புளியமரத்தடி, சந்தைக்குப் போகும் செம்மறி ஆட்டு மந்தை, எல்லாம் அந்த நேரத்தில்தான். மில் சங்கு ஊதினால் திரும்பி ஓடி வருவோம்.

நடுவில் ஒரு கிறிஸ்துமசுக்கு அப்பா ஒரு வட்டத்தைப் பிரிக்கச் சொன்னார். அம்மா கத்திரிக்கோல் நுனியால் தையலை நெம்பி எடுத்தாள். “வைஸ் அட்மிரலுங்களா இப்ப?” என்று கேட்டாள். அப்பா தலையை ஆட்டினார். பதவி உயர்வுக்கு கேக் எல்லாம் வெட்டவில்லை.

நான் சொல்ல வந்தது அதற்கடுத்த கோடையை. அப்பாவுக்கு மில் வேலை போன கோடை.

என்ன நடந்ததென்றால், முதலாளி மகன் புதுக் கார் வாங்கி வந்திருக்கிறான். அப்பா கேட்டைத் திறக்காமல் பாஸ் கேட்டிருக்கிறார். அவன் ஹாரன் அடிக்க அடிக்க, “பாஸ் இல்லாம யாரையும் விடறதில்லீங்க” என்று நின்றிருக்கிறார். மறுநாள் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் சோறு வேண்டாம் என்றார். கொடியை எடுத்து அம்மா மடியில் போட்டார்.

“அந்த ஒண்ணையும் பிரிச்சுடு.”

அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். பிரித்தாள். மில் வேலை போன அன்றைக்கு எங்கள் அப்பா முழு அட்மிரல் ஆனார். கொடி மேலே ஏறியது. அதற்கப்புறம் அவர் போக இடமே இல்லை, ஆகவே அது இறங்கவே இல்லை.

அந்தக் கோடையை நினைத்தால் இன்றைக்கும் மூச்சு முட்டும். பள்ளிக்கூடம் லீவு. என் வயசுப் பிள்ளைகள் எல்லாம் முதல்முறை நற்கருணை வாங்க, புதுநன்மை வகுப்புக்குக் கோயிலுக்குப் போகிறார்கள். ஜெபத்தை மனப்பாடமாகக் கத்திக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போவார்கள், நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே நின்று கூடவே கத்துவேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் அம்மாவோடு போய்வர உத்தரவு. பூசை முடிந்து யாரோடும் நின்று பேசக் கூடாது. அப்பா வரவே மாட்டார். மில்லுக்காரர்கள் கோயிலுக்கு வருவார்களே. கேட்டுக்கு நேராக ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து ராத்திரி வரை உட்கார்ந்திருப்பார். ஐஸ்காரன் மணி தூரத்தில் வந்து, பக்கத்தில் வந்து, தாண்டிப் போகும். கொடி படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். காற்று நின்றால்தான் அது நிற்கும், அப்போது புழுக்கம் தாங்காது. இரும்புக் குழாயில் கயிறு டக் டக்கென்று தட்டும் சத்தம், இப்போதும் எங்காவது கேட்டால் எனக்கு எரிச்சல் வரும்.

எனக்கு இப்படி என்றால், அக்காவுக்கு வாழ்க்கையே அதில் மாட்டிக்கொண்டிருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தாள். கான்வென்ட் மருந்தகத்தில் லீவு நாட்களில் சிஸ்டர்களோடு நின்று காயம் கட்டப் பழகியிருந்தாள். பெரிய சிஸ்டர் பேசி, ஆத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்கு இடம் வாங்கிவிட்டார். ஜூன் முதல் திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் இடம் வேறு பெண்ணுக்கு.

அப்பா முடியாது என்றார். “மில்லுல தொரத்துனாங்க, உடனே பொண்ணச் சம்பாதிக்க அனுப்பிட்டான்னு ஊருல பேசோணுமா?”

“பேசட்டுமேங்க” என்றாள் அம்மா. அவ்வளவுதான் சொன்னாள். அதுவே அவள் அந்த வருசம் அதிகம் பேசிய பேச்சு.

அக்கா அழவில்லை. தகரப் பெட்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து எடுத்துத் துடைத்தாள், திரும்பக் கட்டிலுக்கடியில் வைத்தாள். இதையே தினமும் செய்தாள். எனக்குப் பயமாக இருந்தது.

இந்த நேரத்தில்தான் அந்த ஆட்டுக்காரப் பெண் வந்தாள். மேச்சேரிப் பக்கமிருந்து மந்தையோடு வந்தவர்கள். இடுப்பில் ஒரு பையன், கால் வீங்கிப் பூசணிக்காய் மாதிரி இருந்தது. நேராக வந்து கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டாள். எங்கள் கேட்டை உத்தரவில்லாமல் அப்படித் திறந்த முதல் ஆள் அவள்தான்.

“ஏனுங் சாமி, டாக்டரு இருக்காங்களா?”

அப்பா நாற்காலியில் நிமிர்ந்தார். “இது ஆஸ்பத்திரி இல்ல.”

“கொடி பறக்குதுங்களே. ரோட்டுல இருந்தே பாத்தனுங்க, செவப்புச் சிலுவ.”

“அது அட்மிரல் கொடி!”

அவள் ஒரு நிமிசம் யோசித்தாள். “எந்த டாக்டரா இருந்தாலும் பரவால்லீங்க. அந்த அட்மிரல் டாக்டரையே பாக்கச் சொல்லுங்க. பையன் ராவெல்லாம் தூங்கலீங்க.” சொல்லிக்கொண்டே அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து பையனை மடியில் கிடத்திவிட்டாள்.

நான் கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. வெளியே வந்தாள். பையன் காலைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். “அப்பா, நான் பாக்கட்டுங்களா?”

அப்பா கொடியை நிமிர்ந்து பார்த்தார். பையன் முனகினான். “கேட்டுக்கு உள்ளயே வெச்சுப் பாரு” என்றார்.

வேலிகாத்தான் முள். உள்ளே முறிந்து சீழ் பிடித்திருந்தது. அக்கா வெந்நீர் வைத்தாள், ஊசியைக் கொதிக்கவிட்டாள், பையனிடம் உன் ஆட்டுக்குட்டிக்கு என்ன பேரு, அதுக்கு எத்தனை பல்லு என்று பேசிக்கொண்டே கீறி முள்ளை எடுத்துவிட்டாள். நகத்து நீளம் இருந்தது. கொடி தைத்து மிச்சமிருந்த காடாத் துணியைக் கிழித்து, அதையும் வெந்நீரில் போட்டுப் பிழிந்து கட்டினாள். அக்காவுக்கு நெற்றி வேர்த்திருந்ததே தவிர, கை ஆடவில்லை. அப்பா எழுந்து நின்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நல்லா இருப்பே சாமி” என்று அவள் அக்கா கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். மறுநாள் ஒரு தூக்கு நிறைய ஆட்டுப்பால் கொண்டுவந்து வைத்தாள்.

அப்புறம் கேட்க வேண்டுமா! மந்தைக்காரர்கள் வாயும் சந்தைக்காரர்கள் வாயும் சும்மா இருக்குமா? கை சுட்டவர்கள், மண்வெட்டி பட்டவர்கள், காது வலிக்காரர்கள் என்று வர ஆரம்பித்தார்கள். பெரிய காயமென்றால் கட்டு மட்டும் போட்டு, “சேலம் பெரியாஸ்பத்திரிக்கே போயிருங்க” என்று அக்கா அனுப்பிவிடுவாள். எல்லோரும் அப்பாவிடம் வந்துதான் முதலில் கும்பிடு போடுவார்கள். அவர்தானே அட்மிரல் டாக்டர். அவரும் விளக்கம் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய், கடைசியில் வரிசையில் நிற்கச் சொல்லி விசில் ஊத ஆரம்பித்துவிட்டார். ஒருநாள் தலைப்பாகை கட்டின பெரியவர் ஒருவர் கேட்டார், “பொண்ணு எங்கீங்க படிச்சது?”

அப்பா விசிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இன்னும் இல்லீங்க” என்றார்.

இதைக் கேட்டு எனக்கு நம்பிக்கை வந்தது. ஜூன் நெருங்கியபோது பெரிய சிஸ்டரே குடை பிடித்துக்கொண்டு வந்தார். ஆனால் அப்பா பழையபடி கல்லாகிவிட்டார்.

“கொடி பறக்குதுங்க சிஸ்டர். கொடி பறக்கறப்ப நான் சொன்னதுதான்.”

“அப்ப அதக் கொஞ்ச நேரம் இறக்குங்களேன்” என்றார் சிஸ்டர், சாதாரணமாக.

அப்பா முகம் கறுத்துப்போனது. “அட்மிரல் கப்பல்ல இருக்கும்போது கொடி இறங்குனா என்ன அர்த்தம் தெரியுங்களா? தோத்துட்டான்னு அர்த்தம். எதிரிகிட்டக் கப்பல ஒப்படைச்சுட்டான்னு அர்த்தம். நான் உசுரோட இருக்கற வரைக்கும் அது இறங்காது.”

சிஸ்டர் குடையை மடக்கி, விரித்து, போய்விட்டார். அக்கா அன்றைக்குப் பெட்டியை எடுக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். நான் கூப்பிட்டேன், திரும்பவில்லை.

திங்கட்கிழமை விடிந்தது. எனக்கு எதனால் விழிப்பு வந்தது தெரியுமா? சத்தம் இல்லாததால். படபடப்பு இல்லை, டக் டக் இல்லை. வெளியே ஓடிப் பார்த்தேன். குழாய் மொட்டையாக நின்றது. மாடிப்படி ஏறிப் பார்த்தேன். கயிறு, கொக்கியில் 8 எழுதினதுபோல எட்டு எட்டாகச் சுற்றி, நுனி உள்ளே செருகி இருந்தது. கிணற்றடிக்கு ஓடினேன். அண்டாவில் சோப்புத் தண்ணீர், அதில் கொடி ஊறிக்கொண்டிருந்தது.

அம்மா அடுப்படியில் இட்லியை இலையில் கட்டிக்கொண்டிருந்தாள். அப்பா நாற்காலியில்தான் இருந்தார். ஆனால் நாற்காலி கேட்டுக்கு முதுகு காட்டி, வேப்பமரத்தைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது.

அக்கா பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள். பழக்கதோசம், அப்பா முதுகைப் பார்த்து, “அப்பா...” என்று ஆரம்பித்தாள்.

அம்மா அவள் கையைப் பிடித்தாள். “மேல பாரு. கொடியக் காணோம். ஆபீசரு கப்பல்ல இல்ல. யாருகிட்டடி கேக்கறே? போ கண்ணு. பஸ் போயிரும்.”

அக்கா போனாள். கேட்டைத் தாண்டினாள். ரோட்டோரம் நின்றாள். பஸ் வர எவ்வளவு நேரமாயிற்றோ, எனக்கு ஒரு யுகம். அப்பா ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும், அவள் திரும்பி வந்திருப்பாள். அவர் வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் வந்தது, அவளை ஏற்றிக்கொண்டு போனது. புழுதி அடங்கியதும் அப்பா எழுந்தார். கிணற்றடிக்குப் போய்க் கொடியை அலசிப் பிழிந்தார். ஈரத்தோடு மாடிக்குக் கொண்டுபோய் ஏற்றினார். அது பறக்கவில்லை. குழாயோடு ஒட்டிக்கொண்டு சொட்டியது.

அம்மா ஜெயித்துவிட்டாள் என்று நான் நினைத்தேன். வாழ்க்கை முழுக்க அப்படித்தான் நினைத்தேன். வாயில்லாத என் அம்மா, துவைக்கிற சாக்கில் அட்மிரலைத் தோற்கடித்தாள் என்று என் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா நர்ஸ் ஆனாள், மேட்ரன் ஆனாள், பென்சனும் வாங்குகிறாள். கொடி அப்புறமும் வருசக்கணக்கில் பறந்தது. அதன் கீழே நானும் அம்மாவும்தான் மிச்சம். பத்தாவது முடித்தபோது எங்கள் டீச்சர், ‘உனக்கு நல்லா சொல்லித்தர வருது, டீச்சர் ட்ரெயினிங் எழுதிப் போடு’ என்றார். வீட்டுக்கு வந்தேன். மாடியை நிமிர்ந்து பார்த்தேன். பறந்துகொண்டிருந்தது. சாப்பிட உட்கார்ந்துவிட்டேன். அடுத்த தெருவிலேயே கல்யாணம் பண்ணி வைத்தார்கள். அப்பா செத்த அன்றைக்குப் பாதிக் கம்பத்தில் இறக்கி, கல்லறைக்கு எடுத்தபோது முழுக்க இறக்கினோம். அம்மா அதைச் சவப்பெட்டிக்குள் அப்பாவோடு வைத்துவிட்டாள்.

அந்த டிவிச் செய்திக்கு அடுத்த வாரம் அக்கா வந்திருந்தாள். அம்மா வீட்டில் மூன்று கிழவிகளும் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தோம். நான் பழைய கதையை எடுத்தேன். “அம்மா மட்டும் அன்னிக்குக் கொடிய எறக்கித் தொவைக்கலைன்னா, நீ எங்க மேட்ரன் ஆகறது, அக்கா?”

அம்மா கையில் அவரைக்காயோடு நிமிர்ந்தாள். “நான் எங்க எறக்குனேன்?”

“நீதானேம்மா?”

“அந்த முடிச்சு எனக்கு என்னைக்கு அவுக்க வந்துது? நான் எந்திரிச்சு வரையிலயே குழாய் வெறுசா நின்னுது. உங்கப்பா கெணத்தடியில குந்தி அண்டாவுக்கு சோப்புப் போட்டுட்டு இருந்தாரு. என்னங்கன்னேன். அழுக்காயிருச்சு, ஊறட்டும்னாரு. விடியால எந்திரிச்சு அழுக்கப் பாக்கற மனுசனா அவரு? நான் இட்லி ஊத்தப் போயிட்டேன்.”

கயிறு எட்டு எட்டாகச் சுற்றி, நுனி செருகி இருந்ததே! அந்த வீட்டில் அப்படிச் சுற்ற ஒரே ஒருத்தருக்குத்தான் தெரியும். நான் பார்த்தேன், கண்ணால் பார்த்தேன். இத்தனை வருசமாக எனக்கு அது உறைக்கவே இல்லை.

அக்கா முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். “அப்பா... அப்பா...” என்று சின்னப் பிள்ளை மாதிரி. வாயால் சரி என்று சொல்லத் தெரியாத மனுசன், யாரும் பார்க்காமல் தோற்றுவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். அவளுக்கு அழுகை வராதா?

எனக்கு அழுகை வரவில்லை. பொய் எதற்கு, கோபம்தான் வந்தது. அது இறங்கவே இறங்காது என்றுதானே நான் நம்பியிருந்தேன்! இறக்கத் தெரிந்திருக்கிறது அவருக்கு. அன்றைக்குக் காலையிலேயே திரும்ப ஏற்றியும் இருக்கிறார், அம்மா மேல், என் மேல்.

அக்கா முகம் கழுவப் போனதும் அம்மாவிடம் கேட்டேன். “எனக்கு ஏம்மா ஒருநாள்கூட எறக்கல அவரு?”

“நீ எங்கயும் போவோணும்னு கேக்கவே இல்லையே சாமி.”

“கொடி பறக்கறப்பக் கேக்கக் கூடாதுன்னுதானேம்மா என்னை வளத்தீங்க.”

அம்மாவுக்கு இப்போது ஒரு காது சரியாகக் கேட்பதில்லை. “என்ன கண்ணு?” என்றாள்.

“ஒண்ணுமில்ல. ஊட்டுக்குப் போயிட்டு வாரேன்.”

செருப்பைப் போட்டுக்கொண்டு கேட் வரை வந்தேன். தாழ்ப்பாளில் கை வைத்தவள், மொட்டை மாடியை நிமிர்ந்து பார்த்தேன். துருப்பிடித்த குழாயில் அம்மா துணி காயப் போடும் கொடிக்கயிறு ஒன்று மட்டும் தொங்கியது. பார்த்துவிட்டுத்தான் கேட்டைத் திறந்தேன்.